அட்டைப்பெட்டியின் நான்கு வரிகள்

சென்ற மாதம் எங்கள் துறைக்கு ஓர் அச்சுப்பொறி வாங்க வேண்டியிருந்தது. துறையின் பழைய கணினிகளில் இருந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. கல்லூரி அவற்றை மாற்றிப் புதியன தந்தது. புதிய கணினிகளோடு பழைய அச்சுப்பொறி பேச மறுத்தது. அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. "தேவைப்படும் அச்சுப்பொறியின் விவரம்" என்று தலைப்பிட்டு, கீழே ஒரே ஒரு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள். எங்களுக்கு அந்த ஒரு வரி போதவில்லை. பின்பக்கத்தையும் நிரப்பி, தனியே இன்னொரு தாளையும் இணைத்து அனுப்பினோம். எழுத்தர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, பிரின்டர்தானே கேட்டோம்? கட்டுரை எழுதி அனுப்பியிருக்கீங்களே!" என்று சிரித்தார்.

அவருடைய சிரிப்பில் நியாயம் இருந்தது. எங்கள் இரண்டு தாளிலும் ஒரு நியாயம் இருந்தது. அது 2011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவரிடம் தொலைபேசியில் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

நாங்கள் என்பது ஒரு கலை அறிவியல் கல்லூரியின் தமிழ்த்துறையில் ஒரே அறைக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மூவர். 2011இல் எங்களுக்குப் பணியில் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. அப்போதைய துறைத்தலைவரின் மேற்பார்வையில் ஒரு மாணவி ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். தம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இரண்டு ஆண்டுகள் அலைந்து, தம் பாட்டியிடமிருந்தும் பாட்டியின் தோழிகளிடமிருந்தும் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்திருந்தார். சாவு வீட்டில் பாடுவதை நல்ல நாளில் பாடச் சொன்னால் யாரும் எளிதில் இணங்க மாட்டார்கள். பாட்டி இணங்கியது பேத்தி என்பதற்காக. அந்தப் பாடல்கள்தாம் ஆய்வேட்டின் மூன்றாம் பின்னிணைப்பு.

ஆய்வேடு முந்நூறு பக்கத்தைத் தாண்டியது. ஐந்து படிகள் தர வேண்டும். கடைத்தெருவில் ஒரு பக்கம் அச்சிட இரண்டு ரூபாய். இறுதிப் படிகளுக்கே மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். அதற்கு முன் திருத்தப் படிகள் வேறு. அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் வரிசையில் இருந்தார்கள். ஆகவே நாங்கள் மூவரும் ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் போட்டுத் துறைக்கென்று ஒரு சிறிய லேசர் அச்சுப்பொறி வாங்குவது என்று முடிவு செய்தோம். தாளும் டோனரும் மட்டும் மாணவர்கள் செலவு.

மதுரைக்குப் பேருந்தேறிப் போனோம். கடையில் கேட்க வேண்டியவற்றை எல்லாம் கேட்டதாகவே நினைத்தோம். நிமிடத்துக்கு எத்தனை பக்கம் வரும்? டோனர் விலை என்ன? எத்தனை ஆண்டு உத்தரவாதம்? கம்பி உள்ளேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா? கடைக்காரர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியாக, "நம்ம கம்ப்யூட்டர்ல ஓடும்ல?" என்று ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டோம். "எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஓடும் சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கடைக்கு வரும் எல்லாரிடமும் விண்டோஸ்தான் இருந்தது. எங்கள் துறைக் கணினியில் இருந்தது லினக்ஸ். உரிமம் வாங்கப் பணமில்லை, திருட்டுப் படியை நிறுவ மனமில்லை என்ற நிலையில் பழைய மாணவர் ஒருவர் நிறுவித் தந்தது அது. அதில் எங்களுக்குச் சிறிது பெருமையும் உண்டு. அந்தப் பெருமையைக் கடையில் சொல்லத் தோன்றவில்லை.

துறைக்கு வந்து பெட்டியைப் பிரித்தோம். டோனரின் முத்திரை நாடாவை இழுத்து எறிந்தோம். கம்பியைச் செருகினோம். பச்சை விளக்கு எரிந்தது. கணினி, ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் உணர்ந்துகொண்டு சும்மா இருந்தது. உடன் வந்த குறுந்தகடு எங்கள் இயங்குதளத்தில் ஓடவில்லை. பழைய மாணவர் வந்து இரண்டு மாலைகள் முயன்றார். விளக்கு சிமிட்டியது, தாள் அசையவில்லை. மூன்றாம் நாள் அவர்தாம் காலிப் பெட்டியைத் திருப்பிப் பக்கவாட்டைக் காட்டினார். சிறிய எழுத்தில் நான்கு வரிகள். எந்தெந்த இயங்குதளங்களில் இப்பொறி இயங்கும் என்ற பட்டியல். எல்லாம் விண்டோஸின் வெவ்வேறு பதிப்புகள். லினக்ஸ் என்ற சொல்லே அதில் இல்லை.

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்று காலைதான் எங்களில் ஒருவர் முதுகலை வகுப்பில் பாடபேதம் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தார். ஒரு சுவடியில் ஓரெழுத்து மாறியிருந்தால் அதற்காக நான்கு உரைகளைப் புரட்டுகிறவர்கள், ஆறாயிரம் ரூபாய்ப் பொருளின் மேல் அச்சிட்டிருந்த நான்கு வரிகளைப் படிக்கவில்லை.

கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. முத்திரை பிரித்த டோனரை யார் எடுப்பார்கள்? கல்லூரி அலுவலகத்தின் விண்டோஸ் கணினியில் இணைக்கலாமா என்று கேட்டோம். கணக்கு விவரங்கள் உள்ள கணினியில் வெளிப்பொருளை இணைக்க அனுமதியில்லை என்றார்கள். அதுவும் முறைதான். ஆய்வேடு ஒப்படைக்க இரண்டு நாள்களே இருந்தன. மாணவி யாரிடமோ கடன் வாங்கினார். கோப்பை எடுத்துக்கொண்டு ஊரிலிருந்த ஓர் அச்சுக்கடைக்குப் போனோம்.

அது இரவு ஒன்பது மணி. கடைப்பையன் கோப்பைத் திறந்தான். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. முதல் பத்துப் பக்கங்களை அச்சிட்டுத் தரச் சொல்லி, வரி வரியாகப் படித்தோம். பிழையில்லை. முழுதும் அடிக்கச் சொன்னோம். ஒரு படி முடிய நெடுநேரம் ஆயிற்று. நடுவில் தேநீர் குடித்தோம், தாள் அடுக்கினோம், கண்ணயர்ந்தோம். விடியற்காலையில் கட்டுமானம் செய்பவரை எழுப்பி ஐந்து படிகளையும் கட்டி, முதல் பேருந்தில் மாணவியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம். அவர் குறித்த நேரத்தில் ஒப்படைத்தார். எங்களுக்குப் பெருமிதம்.

நாங்கள் படித்த பத்துப் பக்கங்களும் உரைநடை. பாடல்கள் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னிணைப்புக்கு மட்டும் வேறோர் எழுத்துரு இட்டிருந்தோம். அந்த எழுத்துரு கடைக் கணினியில் இல்லை. இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாகக் கணினி வேறொன்றைத் தானே தேர்ந்துகொண்டது. திரையில் அது வேறுபாடின்றித் தெரிந்தது. தாளுக்குப் போகும் வழியில் அதன் ஓர் உறுப்பு உதிர்ந்துவிட்டது. ஒற்றைக்கொம்பு உதிர்ந்துவிட்டது.

கொம்பு இருந்த இடம் வெற்றிடமாக இருந்தது. சொல்லின் முதலெழுத்தில் வரும் கொம்பு உதிர்ந்தால் அந்த வெற்றிடம் சொல்லிடைவெளியோடு சேர்ந்துகொள்ளும்; கண்ணுக்குத் தெரியாது. 'பெத்தவளே' என்பது 'பத்தவளே' ஆயிற்று. 'கொண்டு' என்பது 'காண்டு' ஆயிற்று. ஏறத்தாழ அறுபது பக்கங்கள் இப்படி. பாட்டி பாடிய பாடலில் எத்தனை இடத்தில் பெற்றவளை விளித்திருந்தாரோ அத்தனை இடத்திலும் பிழை.

நான்கு மாதம் கழித்துத் தேர்வாளர் ஒருவரின் அறிக்கை வந்தது. ஆய்வின் பகுப்பாய்வைப் பாராட்டியிருந்தார். ஆனால் கள ஆய்வுப் பாடல்களில் எழுத்துப்பிழைகள் மலிந்திருப்பதாகவும், மூலத்தைப் பதிவு செய்வதில் ஆய்வாளர் போதிய கவனம் காட்டவில்லை என்றும், திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அவர் எழுதியதில் தவறில்லை. அவர் கையில் இருந்தது தாள். தாளில் இருந்தது பிழை. பிழையை யார் செய்தார் என்று தாள் சொல்வதில்லை.

திருத்தி அளித்து, வாய்மொழித் தேர்வு முடிய மேலும் ஏழு மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் பணிக்கு நேர்காணல் வந்தது. பட்டம் பெற்றவரா என்று கேட்டார்கள்; ஒப்படைத்திருக்கிறேன் என்றார். அடுத்தவரை அழைத்தார்கள். அவர் இப்போது ஒரு மேனிலைப் பள்ளியில் தமிழாசிரியர். நல்லாசிரியர் என்று பெயரெடுத்திருக்கிறார். எங்களை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எங்களுக்குக் கடினமாக இருக்கிறது.

அதன் பிறகுதான் நாங்கள் இந்தப் பொறியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததில் விளங்கியது இதுதான்: அச்சுப்பொறி என்பது பழைய ஏடெழுதுபவரே. நாம் சொல்வதை அவர் எழுதுகிறார். சொல்பவர் மொழி எழுதுபவருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கணினியில் அந்த மொழிபெயர்ப்பாளருக்குப் பெயர் இயக்கி. பேச்சில் டிரைவர் என்போம்.

இந்த எழுத்தாளர்களில் மூன்று வகையினர் உண்டு. முதல் வகை, எழுத்தின் குறியெண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு தன்னிடம் உள்ள எழுத்தைத் தட்டும். பழைய ஊசி அச்சுப்பொறிகள் இப்படித்தான் ஆங்கிலத்தை அடித்தன. தமிழ் அவற்றின் நினைவிலேயே இல்லாததால் தமிழைப் படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டாம் வகை, ஒரு முழுப்பக்கத்தை விவரிக்கும் மொழியை அறிந்தது. எங்கே எந்த எழுத்து, எந்த அளவில், எந்த உருவில் என்று கணினி சொல்ல, பொறி தானே பக்கத்தைக் கட்டிக்கொள்ளும். 1984இல் வந்த ஹெச்பி லேசர்ஜெட் 'பிசிஎல்' என்ற மொழியைப் பேசியது. அதே ஆண்டு அடோபி நிறுவனம் 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' மொழியை வெளியிட்டது. 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அதைப் பேசியது. மூன்றாம் வகைக்குச் சொந்த மொழி கிடையாது. பக்கம் முழுவதையும் கணினியே புள்ளிகளாக்கித் தர வேண்டும். பொறி அதைத் தாளில் இறக்குவதோடு சரி. மூளையைக் கணினியிடம் கடன் வாங்கிக்கொள்வதால் இதன் விலை குறைவு. ஆனால் எந்தக் கணினிக்கு இயக்கி எழுதப்பட்டிருக்கிறதோ அந்தக் கணினிக்கு மட்டுமே அது வேலை செய்யும். நாங்கள் வாங்கியது இந்த மூன்றாம் வகை.

இதில் ஒரு கசப்பும் உண்டு. எழுத்துருவைத் துண்டுதுண்டாகப் பொறிக்கு அனுப்பும் முறையில்தான் ஓர் உறுப்பு வழியில் உதிர முடியும். முழுப்பக்கமும் புள்ளிகளாகப் போகும்போது அப்படி உதிர வாய்ப்பு மிகக் குறைவு. ஆக, எங்கள் அறையில் துணி போர்த்திச் சும்மா கிடந்த பொறியில் அச்சாகியிருந்தால் பாட்டியின் கொம்பு ஒருவேளை தப்பியிருக்கும்.

அச்சுப்பொறியின் மொழி தெரியாமல் திகைத்தவர்களில் நாங்கள் முதலாமவர் அல்லர். 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் காத்திருப்பவருக்குக் கணினியில் செய்தி வரும்படி பழைய பொறியின் நிரலைத் திருத்தி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதிய பொறிக்கு அப்படிச் செய்ய அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஓர் ஆய்வாளரைத் தேடிப்போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று வாக்களித்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பின் கசப்பு, 1983இல் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்துக்கு ஒரு தூண்டுதல் ஆயிற்று. எங்கள் துறைக் கணினியில் இருந்த லினக்ஸ் அமைப்பே அந்தத் திட்டத்தின் வழிவந்ததுதான். அதுவும் கடைசியில் ஓர் அச்சுப்பொறியின் முன்தான் தோற்று நின்றது.

பிறகு நிலைமை மாறியது. மைக்கேல் ஸ்வீட் என்பவர் உருவாக்கி 1999இல் வெளியான 'கப்ஸ்' என்னும் அச்சு அமைப்பு லினக்ஸ் கணினிகளில் பரவியது. 2007இல் ஆப்பிள் அதை வாங்கிக்கொண்டது. தனி இயக்கியே தேவையில்லை, எல்லாப் பொறிகளும் ஒரு பொதுமொழி பேசட்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 2010இல் ஆப்பிள் 'ஏர்பிரின்ட்' முறையைக் கொண்டுவந்தது. 2013இல் பல நிறுவனங்கள் சேர்ந்து 'மோப்ரியா' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. நிறுவனங்கள் தனித்தனியே எழுதித் தரும் இயக்கிகளைத் தம் வழியே வழங்குவதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளப் போவதாக மைக்ரோசாப்ட் 2023இல் அறிவித்தது. ஆகவே இன்று வாங்குபவர் நிலை எங்களைவிட நல்லது. ஆனால் கேட்க வேண்டியவை இன்றும் உண்டு. அலுவலகத் தாளின் பின்பக்கத்தில் நாங்கள் எழுதியவை அவைதாம்.

முதலில், நம் கணினி எது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் மட்டும் போதா; அது 32 பிட் வகையா 64 பிட் வகையா என்பதும் வேண்டும். விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட்டுக்கு மட்டும் எழுதப்பட்ட இயக்கி அதில் ஏறாது. வீட்டில் பத்தாண்டுப் பழைய அச்சுப்பொறி வைத்துக்கொண்டு கணினியை மட்டும் புதுப்பிப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கணினியின் உள்ளே இருக்கும் செயலியின் வகையையும் பார்க்க வேண்டும். ஆப்பிள் 2020இல் இன்டெல் செயலியை விட்டுத் தன் செயலிக்கு மாறத் தொடங்கியது. விண்டோஸ் மடிக்கணினிகளிலும் 'ஆர்ம்' வகைச் செயலி கொண்டவை விற்கின்றன. அவற்றுக்கு வேறு இயக்கி வேண்டும்.

அடுத்து, பொறியின் பெயரை முழுமையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் ஒன்றாக இருந்து ஈற்றெழுத்து மாறினால் பொருள் மாறிவிடும். இலக்கணம் படித்தவர்களுக்கு விகுதியின் வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஈற்றில் 'டபிள்யூ' இருந்தால் பெரும்பாலும் கம்பியில்லா இணைப்பு உண்டு. 'என்' என்றால் வலையிணைப்பு. 'டி' என்றால் தாளின் இருபக்கமும் தானே அச்சிடும். இவ்விகுதி கடைக்காரர் வாயில் தேய்ந்துபோகும். ஆகவே பெயரை எழுதி வாங்கி, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பெயருக்கு நேராக நம் இயங்குதளத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டையும் படிக்க வேண்டும். ஏர்பிரின்ட், மோப்ரியா என்ற பெயர்கள் அங்கே இருந்தால் அது பொதுமொழி அறிந்த பொறி. நாளை கணினி மாறினாலும், மாணவர் ஒருவர் கைபேசியிலிருந்து அச்சிட விரும்பினாலும் கைவிடாது. லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கும் இதுவே பாதுகாப்பான வழி. பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டில் ஒன்றேனும் அறிந்த பொறி என்றால் இன்னும் நல்லது.

மூன்றாவது, இணைப்பு. கம்பியில்லா அச்சுப்பொறிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். நம் இடத்து வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று காணா. கம்பி வழி இணைப்பதானால் மெல்லிய புதிய மடிக்கணினிகளில் பழைய யுஎஸ்பி வாயே இல்லாமல் போகலாம். இடையிணைப்பு ஒன்று தனியே வாங்க நேரும்.

இவை யாவும் உலகத்தார் அனைவருக்கும் பொது. நான்காவது நமக்கு மட்டும் உரியது. அதுதான் தமிழ். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு; தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. குறியெண் ஒன்றாகிவிட்டதால் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் 'கொ' என்பது கணினியின் நினைவில் மெய்யும் அதன்பின் உயிர்க்குறியுமாக இருக்கிறது. தாளிலோ ககரத்துக்கு முன் கொம்பும் பின் காலுமாக நிற்க வேண்டும். நினைவில் உள்ள வரிசையைத் தாளில் உள்ள வரிசையாக மாற்றும் வேலையை எழுத்துருவும் கணினியும் சேர்ந்து செய்கின்றன. இவற்றில் ஒன்று தவறினாலும் கொம்பு இடம்மாறும், அல்லது விழும். எனவே கோப்பை வேறிடத்துக்கு எடுத்துச் செல்வதானால் எழுத்துருவை உள்ளே பொதிந்த பிடிஎஃப் ஆக்கி எடுத்துச் செல்ல வேண்டும். பல இயக்கிகளின் அமைப்பில், எழுத்துகளைப் படமாக அனுப்பு என்ற பொருள்படும் ஒரு தெரிவு இருக்கும். பிழை தோன்றினால் அதைச் செய்து பார்க்க வேண்டும். கடையில் சோதனைப் பக்கம் என்று ஒன்றை அச்சிட்டுக் காட்டுவார்கள். அது நிறுவனத்தின் ஆங்கிலப் பக்கம். அதை நம்பக் கூடாது. நம் தமிழ்ப் பக்கத்தை நம் கணினியிலிருந்து அச்சிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். பத்துப் பக்கம் உரைநடையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடவும் கூடாது.

ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இட மாட்டார்கள். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெரியா. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் இப்படிப்பட்ட சுவடிகளோடுதான் போராடினார். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று வகுப்பில் சொல்லிவந்தோம். முடியவில்லை என்று 2024இல் தெரிந்தது.

அந்த ஆண்டு ஒரு கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதி துறைக்கு வந்தது. ஒப்பாரியில் வட்டார வழக்குகள் பற்றி ஒரு கட்டுரை. மேற்கோள்கள் எங்கள் மாணவியின் ஆய்வேட்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. திருத்திய படி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முதலில் கட்டிய ஐந்தில் ஒன்று எங்கள் துறை நூலகத்திலேயே தங்கிவிட்டது. நாங்கள் அதை மறந்தே போனோம். கட்டுரையாளர் எங்கள் நூலகத்துக்கு வந்து அதைத்தான் படித்திருக்கிறார். 'பத்தவளே' என்ற சொல்லுக்கு அவர் விளக்கமும் எழுதியிருந்தார். 'பற்றவள்' என்பதன் மரூஉ. பற்றுடையவள் என்று பொருள். அப்பகுதிப் பெண்கள் தாயை இவ்வாறு விளிக்கும் அரிய வழக்கு என்று. விளக்கம் தெளிவாகவும் அழகாகவும் இருந்தது. அதைப் படித்துச் சிரிக்க எங்களால் முடியவில்லை. உதிர்ந்த ஒரு கொம்பு பாடமாகி, பாடத்துக்கு உரையும் எழுதப்பட்டுவிட்டது.

பாட்டி அப்போது இல்லை. அவர் பாடியது 'பெத்தவளே' என்பதற்கு ஒலிநாடாவும் அதைக் கேட்டவர்களுமே சாட்சி. கட்டுரையாளருக்குக் கடிதம் எழுதினோம். தவறு எங்களுடையது என்று தொடங்கி எழுதினோம். பண்போடு பதில் போட்டார். தொகுதி அச்சாகிவிட்டதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். எங்களிடம் விடையில்லை.

சென்ற மாதம் துறையின் புதிய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மூவரும் கடைக்குப் போனோம். ஒரு சோதனைத் தாளையும் தயாரித்துக் கொண்டுபோயிருந்தோம். அதில் கெகரம் முதல் கௌகாரம் வரை ஒரு வரிசை, கிரந்த எழுத்துகள் ஒரு வரிசை, மூன்று எழுத்துருக்களில் ஒரே பத்தி. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், 'பெத்தவளே'. கடையில் இருந்த இளைஞர் அதைப் படித்துவிட்டு, "யாருக்கு சார் இது?" என்றார். எழுத்து சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான் என்றோம். அவர் சலிக்காமல் மூன்று பொறிகளில் அச்சிட்டுத் தந்தார். ஒன்றில் கைபேசியிலிருந்தும் அச்சிட்டுக் காட்டினார். தாள்களை வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். பெட்டியின் பக்கவாட்டை மூவரும் தனித்தனியே படித்தோம். பிறகுதான் பணம் கட்டினோம்.

துறைக்கு வந்ததும் மாணவிக்குத் தொலைபேசியில் சொன்னோம். மூன்றாம் பின்னிணைப்பின் கோப்பு அவரிடம் இன்னும் இருந்தது. அன்று மாலையே அனுப்பினார். புதிய பொறியில் முதல் வேலையாக அந்த அறுபது பக்கங்களை அச்சிட்டோம். நூலகப் படியின் கட்டைப் பிரித்து, பழைய பக்கங்களை நீக்கி, இவற்றை வைத்துக் கட்டக் கொடுத்திருக்கிறோம். நீக்கிய பக்கங்களை எறியவில்லை. ஏன் நீக்கினோம் என்று ஒரு குறிப்பு எழுதி, அதோடு சேர்த்துத் தனி உறையில் வைத்திருக்கிறோம்.

இரவு அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "கொம்பு இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டிருந்தார். முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினோம்.